பாஸ்டர் அண்ணையின் உருக்குத் துண்டு

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்துச் சமையலறையில், போன கிழமை, புதிதாக வந்த எரித்திரியாக்காரர் ஒருவர் அடுப்புத் தட்டைக் கம்பிகளின் மேல் மெல்ல இழுத்தார். ஒரு சத்தம் கீழேயிருந்து மேலே ஏறி, அழுகிற மாதிரி நடுங்கி நின்றது. என் கையிலிருந்த கரண்டி விழுந்துவிட்டது. என்ன நடந்தது என்று அவர் டொச்சில், ஜெர்மன் மொழியில், கேட்டார். “யா, யா” என்றேன். இத்தனை வருடம் சுவிஸில் இருந்தும் எனக்கு வேகமாக வரும் பதில் அதுதான். தமிழிலும் பெரிதாக ஒன்றும் வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எழுதும்போது மட்டும் கொஞ்சம் வாய் திறக்கிறேன்.

அது எங்கள் சபையின் பழைய பாஸ்டர் அண்ணையின் கிற்றார்ச் சத்தம். மடியில் மல்லாக்கக் கிடத்தி வாசிக்கிற கிற்றார் அது. வலக்கை விரல்கள் கம்பிகளைத் தட்ட, இடக்கையிலிருக்கும் உருக்குத் துண்டைக் கம்பிமேல் வழுக்கிக்கொண்டு போவார். மற்றக் கிற்றாரை அவரால் வாசிக்க முடியாது. ஊரில் ஓர் இராணுவ முகாமில் துவக்குப் பிடியால் அடித்ததில் அவருடைய இடக்கை விரல்கள் அரைவாசி மடங்கியபடி விறைத்துவிட்டன. அந்த வளைவுக்குள் உருக்குத் துண்டு அளவெடுத்ததுபோலப் பொருந்தும்.

அடி வாங்கியவர் மட்டுமல்ல, அடித்தவரும்தான். அதற்கு முன் அவர் ஓர் இயக்கத்தில் இருந்தார். பிடித்து வைத்த ஆட்களை அடிப்பது அவர் வேலை. இதை அவர் ஒளித்ததில்லை. பிரசங்கம் தொடங்கமுன் சாட்சி சொல்லுவார்: “இந்தக் கையாலை எத்தனை பேரைக் கதற வைச்சனான். கர்த்தர் என்னைத் தொட்ட நாளிலை சத்தியம் பண்ணினனான், இனி மனுசரை அடிக்கமாட்டன்.” அதற்குப் பிறகுதான் உருக்குத் துண்டு கம்பியில் இறங்கும். பெண்கள் அழுவார்கள். நான் அழமாட்டேன், பாட்டுக்கு வாயை மட்டும் அசைப்பேன்.

எங்கள் சபை ஊஸ்டர் என்ற ஊரில் ஒரு கட்டடத்தின் நிலவறையில் கூடியது. ஈர ஜக்கெற், தரை மெழுகு, பாஸ்டர் அண்ணையின் மனைவி செல்வமக்கா பொரித்த ரோல்ஸ் மூன்றும் கலந்த வாசம் அங்கே எப்போதும் இருக்கும். தரை மெழுகு என் ஊழியம். பேசத் தெரியாதவனுக்குக் கர்த்தர் துடைப்பத்தைக் கொடுத்தார் என்று அக்கா பகிடி பண்ணுவா. கண்ணாடிபோல் மினுக்கி வைப்பேன். யாரும் சப்பாத்தோடு உள்ளே வருவதில்லை. வாசலில் கழற்றிக் குவித்துவிட்டுத்தான் வருவோம்.

அந்தக் காலத்தில் எங்கள் பெடியளில் சிலர் குழுக்களாகப் பிரிந்து வாளோடு திரிந்தார்கள். கலியாண மண்டப வாசலிலும் வெட்டினார்கள். அப்படியொரு குழுவை விட்டு வந்தவன் ரூபன். பொலிசுக்குப் பெயர் சொன்னவன் என்று அவனுடைய பழைய கூட்டாளிகள் தேடிக்கொண்டிருந்தார்கள். பாஸ்டர் அண்ணை அவனைத் தன் வீட்டிலேயே வைத்திருந்தார்.

ஒரு ஞாயிறு மத்தியானம், வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்க, அவர்கள் வந்தார்கள். நான் வாசல் பக்கக் கதிரையில் இருந்ததால் பார்த்தேன். நீங்கள் நம்பமாட்டீர்கள். கம்பளிக் கோட்டுக்குள் வாளை வைத்துக்கொண்டு, ஒருவரை ஒருவர் பிடித்தபடி, சப்பாத்தைக் கழற்றினார்கள். வீட்டில் பழகின பழக்கம். கொல்ல வந்த இடத்திலும் கால் அதை மறக்கவில்லை.

“டேய் ரூபன், எழும்படா! பைபிளுக்குப் பின்னாலை ஒளிச்சா விடுவமோ?”

ரூபன் முன்வரிசையில் இருந்தான். முன்னால் வந்தவன் வாளை ஓங்கினான். பாஸ்டர் அண்ணை மடியிலிருந்த கிற்றாரை அப்படியே தூக்கிக் குறுக்கே நீட்டினார். கம்பிகள் அறுந்து அவர் கன்னத்தைக் கிழித்தன. வாள் மரத்தில் இறுகிவிட்டது. அவன் இழுத்தான், சொக்ஸ் காலுக்கு என் மெழுகுத் தரை பிடி கொடுக்கவில்லை. மல்லாக்க விழுந்தான். வாள் கழன்று அவன் கையோடு போனது.

பாஸ்டர் அண்ணை குனிந்து, உருக்குத் துண்டால் அந்த மணிக்கட்டில் அடித்தார். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. வாள் தெறித்து என் கதிரைக்குக் கீழே வந்தது. நான் அதன் மேல் காலை வைத்துக்கொண்டேன். அன்று நான் செய்த வீரம் அவ்வளவுதான். அவனோடு வந்தவர்கள் சப்பாத்தையும் விட்டுவிட்டுப் பனிக்குள் ஓடினார்கள். இனிப் பயமில்லை என்று நினைத்தேன்.

அவர் நிறுத்தவில்லை. கீழே கிடந்தவனின் நெஞ்சில் ஏறி இருந்துகொண்டு முகத்தில் அடித்தார். பல் தரையில் உருண்டது. தாடை ஒரு பக்கம் போய்விட்டது. “அண்ணை, விடுங்கோண்ணை” என்று அவன் கேட்டது முதலில் சொல்லாக வந்தது, பிறகு வெறும் இரத்தக் குமிழாக வந்தது. தடுக்கப் போன ரூபனையும் தள்ளிவிட்டார்.

செல்வமக்கா ஓடிவந்து அந்த விறைத்த கையை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினா. “இஞ்சேருங்கோ! அவன் எப்பவோ விழுந்திட்டான். இப்ப ஆரை அடிக்கிறியள்?”

அப்போதுதான் நிறுத்தினார்.

அவன் பிழைத்தான். வழக்கில், தற்காப்பு என்று பாஸ்டர் அண்ணையை விட்டுவிட்டார்கள். சபையில் எல்லாருக்கும் சந்தோசம். ஒருவர் அவரைக் கோலியாத்தை வீழ்த்திய தாவீது என்றுகூடச் சொன்னார். தீர்ப்புக்கு அடுத்த ஞாயிறு அவர் கன்னத்துத் தழும்போடு எழுந்து நின்றார்.

“கோட்டு என்னை விட்டிட்டுது. நீங்களும் விட்டிட்டியள். ஆனா கேளுங்கோ. கையிலை அடிச்சது ரூபனுக்காக. முகத்திலை அடிச்சது எனக்காக. எனக்கு அது ருசிச்சது. அந்த ருசி என்னை விட்டுப் போட்டுது எண்டு உங்களுக்குக் கனகாலம் பிரசங்கம் பண்ணிப்போட்டன்.”

ஒருவரும் ஆமென் சொல்லவில்லை. அவர் இறங்கி வந்து என் பக்கத்துக் கதிரையில் இருந்தார். அதன் பிறகு அவர் பிரசங்கிக்கவில்லை, வாசிக்கவும் இல்லை. ஞாயிறுதோறும் வந்து, கடைசி வரிசையில் என்னைப்போல வாயை மட்டும் அசைத்தார்.

அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். ரூபன் இப்போது பஸ் ஓட்டுகிறான். வாளோடு திரிந்தவர்கள் தொப்பை வைத்து, பிள்ளைகளை நீச்சலுக்குக் கூட்டிப் போகிறார்கள். அந்தக் கட்டடத்தை இடித்து வீடுகள் கட்டிவிட்டார்கள். எங்கள் சபை பெரிய மண்டபத்துக்குப் போய்விட்டது. இங்கே பிறந்த பிள்ளைகள் கீபோர்டும் ட்ரம்சும் நன்றாக வாசிக்கிறார்கள். புதிய பாஸ்டர் படித்தவர். வெற்றியைப் பற்றி அழகாகப் பேசுவார், எல்லாரும் உரத்து ஆமென் சொல்லுவோம். தனக்கு எது ருசித்தது என்று அந்த மேடையில் நின்று ஒருவரும் சொல்லி நான் கேட்கவில்லை.