திருகையில் உட்கார்ந்திருந்தவள்

என் மூத்த பிள்ளை வயிற்றில் இருந்தபோது, கதைப் புத்தகம் ஒன்றை என் மாமியார் என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனாள். எனக்கு அப்போது ஏழாம் மாதம். யுத்த காலம் வேறு. எழுமலையில் மண்ணெண்ணெய்க்குப் பஞ்சம் என்பதால் பகலில்தான் படிக்க முடியும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சன்னலோரம் உட்கார்ந்து நான் வாய்விட்டுப் படிப்பேன். பிறந்த ஊரான வண்டியூரில், பள்ளிக்கூடத்தில் பழகியது. மனதுக்குள் படித்தால் எனக்குப் படித்த மாதிரியே இருக்காது.

என் வீட்டுக்காரர் கடலை வியாபாரம் செய்தார். மதுரைக்குப் போனவர் புதுமண்டபத்துக் கடையில் வாங்கி வந்த புத்தகம் அது. பெரிய எழுத்து, மட்டக் காகிதம், நடுநடுவே கறுப்புக் கறுப்பாகப் படங்கள். காணாமல்போன ராஜாவைத் தேடி அவனுடைய இளைய ராணி தன்னந்தனியாகப் போகிறாள். பறக்கும் குதிரை, பேசும் மரம் என்று முதல் பாதி முழுக்கக் குஷியாகத்தான் போனது. பிறகு அவள் ஒரு பட்டணத்துக்குள் நுழைகிறாள். எல்லா வீட்டுக் கதவும் திறந்து கிடக்கின்றன. அடுப்பில் சோறு கொதிக்கிறது, தொட்டில் ஆடுகிறது, ஆள் மட்டும் ஒருவரும் இல்லை. கடைசி வீட்டில் ஒருத்தி முதுகைக் காட்டியபடி திருகை சுற்றிக்கொண்டிருக்கிறாள். கல்லின் ஓரத்தில் கொட்டும் மாவு சிவப்பாக இருக்கிறது. ராணி வாசலில் நிற்கிறாள். திரும்பாமலே அவள் பேசுகிறாள். அது ராணியைப் பெற்ற தாயின் குரல்.

"வந்துட்டியா தாயி? உனக்காகத்தான் திரிச்சுக்கிட்டிருக்கேன்."

இந்த வரியைப் படித்து நான் பக்கத்தைத் திருப்பவும் அத்தை உள்ளே வரவும் சரியாக இருந்தது. அடுத்த அறையில் பருத்திக்கொட்டை புடைத்துக்கொண்டிருந்தவள், முறத்தைப் போட்டுவிட்டு வந்திருந்தாள்.

"குடு இங்க. வயித்துப் பிள்ளக்காரி படிக்கிற படிப்பா இது?"

"இன்னுங் கொஞ்சந்தான் அத்தே. முடிவு வந்துரும்."

"ஒரு முடிவும் வேணாம்."

முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு போய்விட்டாள். எங்கே வைத்தாள் என்று வீடு முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சோற்றில் கை வைத்தால் அந்தப் பட்டணத்துச் சோறு நினைவுக்கு வரும். எங்கள் வீட்டிலும் தினமும் கேப்பை திரிப்பார்கள். அந்தக் கரகரச் சத்தம் கேட்டாலே எழுந்து போய், திரிப்பவளின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வருவேன். அத்தைதான். தினமும் அத்தைதான். இருந்தாலும் போய்ப் பார்ப்பேன்.

கடைக்காரனிடம் முடிவையாவது கேட்டு வரும்படி என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அடுத்த தடவை மதுரை போய் வந்தவர் சிரித்தார்.

"கேட்டேன். 'அதையும் அச்சடிச்சுத்தானே விக்கிறோம், வாங்கிப் படிக்கச் சொல்லுங்க'ங்கிறான். சரி, இன்னொண்ணு குடுன்னா காகிதம் இல்ல, மறுபடி போடலங்கிறான்."

வளைகாப்புக்கு மதுரையிலிருந்து ஒரு வளையல்கார பாய் வந்திருந்தார். என் கையைப் பிடித்து வளையலை நைசாக ஏற்றிக்கொண்டிருந்தவரிடம் மெல்லக் கேட்டேன். அந்தக் கதை அவருக்குத் தெரியவில்லை. ஆனால் குரலை மாற்றிக் கூப்பிடும் ஜின்னைப் பற்றி நிறையத் தெரிந்திருந்தது.

"அது நமக்கு வேண்டியவுக குரல்லதான் கூப்பிடும் தங்கச்சி. மூணாந்தடவ கூப்பிட அதால முடியாது. அதனால மூணு தடவ கூப்பிடுற வரைக்கும் ஏன்னு கேக்கப்படாதும்பாக எங்க வீட்ல."

அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். நான் மாட்டிக்கொண்டேன். யார் கூப்பிட்டாலும் மூன்றாவது தடவைக்குக் காத்திருக்க ஆரம்பித்தேன். அத்தை கொல்லையிலிருந்து "ஏத்தா" என்பாள். பேசாமல் இருப்பேன். மறுபடி "ஏத்தா" என்பாள். அப்போதும் வாயைத் திறக்க மாட்டேன். மூன்றாவது தடவை ஊருக்கே கேட்கும்.

"காது அடைச்சுப் போச்சா உனக்கு?"

அப்படி ஒருநாள் அவள் கத்தியபோது எனக்கும் அடக்க முடியவில்லை. "புத்தகத்தக் குடுங்க அத்தே. முடிவு தெரியாமத்தான் எனக்கு இம்புட்டுப் பயமும். தெரிஞ்சா போயிரும்" என்றேன்.

அவள் கோபப்படவில்லை. தொழுவத்துக் கல்லில் உட்கார்ந்தாள்.

"உன் புருசனுக்கு முன்னாடி எனக்கு ஒண்ணு பொறந்துச்சு, தெரியுமா உனக்கு? அது வயித்துல இருக்கையில கூத்துப் பாக்கப் போனேன். அரக்கன் வேசங் கட்டுனவன் பந்தத்தப் பிடிச்சுக்கிட்டு நேரா பொம்பளைக பக்கம் ஓடியாந்தான். எல்லாரும் சிரிச்சாளுக. எனக்கு மட்டும் உசுரே நின்னு போச்சு. பிள்ள பொறந்து அழவே இல்ல. வெளங்கலையா? அழவே இல்ல."

எனக்கு விளங்கியது. அதற்குமேல் நான் புத்தகத்தைப் பற்றிப் பேசவில்லை. நினைப்பை மட்டும் நிறுத்த முடியவில்லை.

ஒன்பதாம் மாதம் பேறுகாலத்துக்கு வண்டியூருக்குக் கிளம்பினோம். பெட்ரோல் இல்லாமல் பின்னால் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடிய பஸ் அது. ஏற்றம் வந்தால் நின்றுவிடும். வண்டியூர் வந்து சேர்வதற்குள் வெயில் சாய்ந்துவிட்டது. என் வீட்டுக்காரர் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தார். ஆசை பொறுக்காமல் நான் முன்னால் நடந்தேன். கதவு திறந்து கிடந்தது. அடுப்பில் ஏதோ கொதித்தது. யாரையும் காணோம். பின்கட்டில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து அம்மா திருகை சுற்றிக்கொண்டிருந்தாள். கொலுசுச் சத்தம் கேட்டிருக்க வேண்டும். திரும்பாமலே சொன்னாள்.

"வந்துட்டியா தாயி?"

நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். காலை எடுத்து உள்ளே வைக்க முடியவில்லை. வயிற்றுக்குள் பிள்ளை ஒருமுறை புரண்டது. "தாயி" என்று மறுபடியும் கூப்பிட்டாள். நான் பதில் சொல்லவில்லை. திருகை நின்றது. அவள் திரும்பினாள். கன்னத்தில் வெள்ளையாக அரிசி மாவு. என் அம்மாவின் முகம்தான், சற்று இளைத்திருந்தது.

"ஏன் அங்ஙனயே நின்னுட்ட? என்னத்தா செய்யுது?"

அவள் மடியில் விழுந்து விக்கி விக்கி அழுதேன். மாமியார் கொடுமை என்று நினைத்துக்கொண்டாள். பின்னால் பெட்டியோடு வந்த என் வீட்டுக்காரரிடம் அன்று முழுவதும் அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. நடந்ததை நான் சொல்லிப் பார்த்தேன். அவள் நம்பவில்லை.

பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. பெண் பிள்ளை. தெருமுனை வரைக்கும் கேட்கும்படி அழுதது. பிள்ளையைப் பார்க்க வந்திருந்த அத்தை அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டே நின்றாள். அமர்த்தப் போன அம்மாவின் கையைப் பிடித்து, "அழுகட்டும், விடுங்க" என்றாள்.

நான் எழுமலைக்குத் திரும்பிய பிறகு ஒரு மத்தியானம், கேட்காமலே அத்தை குதிருக்குள் கையை விட்டுப் புத்தகத்தை எடுத்து வந்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் திருகைக்காரி படம் போட்டிருந்த பக்கத்தில் மட்டும் விரல் பட்டுப் பட்டு அழுக்கேறியிருந்தது. என் எதிரில் உட்கார்ந்தாள்.

"படி. அந்தச் சிறுக்கி என்னதான் ஆனான்னு பாப்போம்."

பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு படித்தேன். ராணி பயந்து கூவுகிறாள். ஆகாயத்திலிருந்து ஒரு முனிவர் இறங்குகிறார். ஒரு சிட்டிகை திருநீற்றை எறிகிறார். திருகை சுற்றிய ராட்சசி சாம்பலாகிறாள். ராஜா கிடைக்கிறான். எல்லாரும் சுகமாக வாழ்கிறார்கள். மொத்தமும் அரைப் பக்கம்கூட இல்லை.

"அப்புறம்?" என்றாள் அத்தை.

"அம்புட்டுத்தான். முடிஞ்சிருச்சு."

"மறைக்காத. நான் உனக்கு மறைச்சேன்னு நீ எனக்கு மறைக்கிறியா?"

"பிள்ள மேல சத்தியமா இம்புட்டுத்தான் அத்தே போட்டிருக்கு."

மறுபடி படிக்கச் சொன்னாள். படித்தேன். அவளுக்கு மனசு ஆறவில்லை. எனக்கும்தான். இத்தனை மாதம் என்னை ஆட்டிவைத்தவள் அரைப் பக்கத்தில் செத்துப்போனது எனக்கு எரிச்சலாக இருந்தது.

"ஒரு ஊரையே திரிச்சவ சிட்டிகைத் துன்னூறுக்கு அடங்குவாளா?" என்றாள் அத்தை. "நான் வேற மாதிரியில்ல நெனச்சு வச்சிருந்தேன்."

"எப்படி?"

கொஞ்சம் கூச்சப்பட்டாள். பிறகு சொன்னாள். "எம்புட்டுக் காலமா ஒத்தையா உக்காந்து சுத்துறா. கை வலிக்குமா வலிக்காதா? அந்த ராணிப் பிள்ள அவளுக்கு எதுக்க உக்காந்து, பிடியில தானும் ஒரு கை போட்டிருக்கணும். போட்டா, அவ தலையத் தூக்கிப் பாத்துத்தானே ஆகணும்?"

"பாத்தா? மொகம் எப்படி இருக்கும் அத்தே?"

"அது எனக்கென்ன தெரியும்? படிக்கத் தெரிஞ்சவ நீ."

பிள்ளையை என் மடியிலிருந்து வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள்.