வாக்கர் போட்ட குழிகள்

எங்கள் வீட்டு வாசலுக்கும் கல் பெஞ்சுக்கும் நடுவே இருப்பது புல்தரை. நீளம் இருபத்திரண்டு அடி, அகலம் பதினான்கு. மைசூரில் வீடு கட்டியபோது மனைவி ஆசையாகக் கேட்டாள் என்று நூற்றைம்பத்து நான்கு புல்துண்டுகள் வாங்கிப் பதித்தோம்.

அதைப் பராமரிக்க நான் யாரையும் விட்டதில்லை. ஒட்ட வெட்டினால் வேர் காயும். எரு கூடினால் நுனி கருகும். கொஞ்சம் அசந்தால் கோரை முளைக்கும். அதைக் கிழங்கோடு பிடுங்க வேண்டும். பிடுங்கியதை எண்ணிய பிறகுதான் எனக்குக் காபி. பெஞ்சில் வெயில் காய்ந்தபடி அவரைக்காய் உரித்துக்கொண்டிருக்கும் மனைவி, அக்கம்பக்கத்துக் கன்னடம் கலந்து கேட்பாள்:

"ஆயித்தா, முடிஞ்சுதா? இன்னிக்கு எத்தனை?"

"முப்பத்தொண்ணு."

"என் தலைமுடியையும் எண்ணி வச்சிருப்பீங்களே!"

போன வருடம் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. இடது கால் இழுத்துக்கொண்டது. வாக்கரைப் பிடித்து வீட்டுக்குள் நடக்கப் பழகினாள். பெஞ்சுவரை போய் உட்கார வேண்டும், அது ஒன்றுதான் அவள் கேட்டது. ஈரப் புல்லில் வாக்கரின் நான்கு கால்களும் இறங்கின. பிடுங்கி அடுத்த அடி வைத்தாள், மறுபடி இறங்கின. ஆறாவது அடியில் சாய்ந்தவளைத் தாங்கிப் பிடித்தேன். புல்லில் இருபத்து நான்கு குழிகள். பலகை போட்டுப் பார்த்தோம், வழுக்கியது.

"எல்லாத்தையும் பேத்துட்டு டைல்ஸ் போட்டுடலாம்ப்பா. ஒரு நாள் வேலை," என்றாள் மகள்.

"சும்மா இரு கண்ணு. பெஞ்சுல உக்காந்து டைல்ஸைப் பாக்கவா நான் போறேன்?" என்று மனைவி தடுத்துவிட்டாள்.

தண்ணீரை நிறுத்தினால் தரை இறுகும் என்று எனக்குத் தோன்றியது. அவளிடம் சொல்லவில்லை. அவள் அறை பின்பக்கம். முன்புறம் கண்ணில் படாது. தை பிறந்ததும் குழாயை மூடினேன். மாசியில் செம்மண் ஓடுபோல ஆகிவிட்டது. குதிகாலால் அடிக்கு அடி மிதித்துப் பார்த்தேன், எங்கும் இறங்கவில்லை. புல் சணல் நிறத்துக்கு வந்திருந்தது. கோரை மட்டும் பச்சை.

அவளை அழைத்து வந்தேன். வாக்கர் உறுதியாக நின்றது. பாதித் தரையைத் தாண்டியவள், நின்று கீழே பார்த்தாள்.

"எப்பங்க செத்துச்சு?"

"நீ நடக்கணும்னுதான்..."

"என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

அவள் வாக்கரைத் திருப்பினாள்.

"உள்ள போலாம்."

"இன்னும் பத்தடிதான்."

"அங்க போய் உக்காந்து எதைப் பாக்கறது?"

அதற்குப் பிறகு வெளியே வரவேண்டும் என்று அவள் சொல்வதே இல்லை. நான் மறுபடி குழாயைத் திறந்துவிட்டேன். அங்கங்கே துளிர்க்கிறது. நன்றாகத் தழைத்தால் வாக்கர் இறங்கும். தழைக்காவிட்டால் அவள் வரமாட்டாள். தெரிந்தேதான் தினமும் தண்ணீர் விடுகிறேன்.

இன்று காலை கோரை நாற்பத்திரண்டு. கையைக் கழுவிக்கொண்டு அவள் அறைக்குப் போனேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். விழித்துத்தான் இருந்தாள். சற்று நேரம் நின்று பார்த்தேன். எத்தனை என்று அவள் கேட்கவில்லை.