தோள்மேல் இருந்த கை

எங்கள் மலையில், சோளக்காடு என்கிற ஊரில், பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். ஒன்றாம் வகுப்பிலிருந்து என்னோடு படித்தவன் பட்டாளத்தில் சேர்ந்து, அமைதிப் படையோடு ஆப்பிரிக்காவுக்குப் போய், அங்கே சுடப்பட்டு இறந்தான். அவனுக்கான அஞ்சலி பேனரை நான்தான் அடித்தேன்.

செய்தி வந்து ஆறு நாள் கழித்துத்தான் உடல் வந்தது. அந்த ஆறு நாளும் மலையை விட்டு மஞ்சு மூட்டம் விலகவே இல்லை. கடைக்கு எதிரே பஸ் வந்து நிற்கும். வெள்ளைக்குள்ளிருந்து ஆட்கள் ஒவ்வொருவராக உருவம் பெற்று இறங்குவார்கள். அடுத்து இறங்குவது அவனாகத்தான் இருக்கும் என்று ஒவ்வொரு தடவையும் தோன்றும். லீவில் வந்தால் வீட்டுக்குப் போகும் முன் என் கடையில் ஏறி ஒரு டீ குடிக்காமல் போகமாட்டான். ஒரு நாள் என்னையும் அறியாமல் இரண்டு டீ சொல்லிவிட்டேன். டீக்கடைக்காரர் இரண்டையும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

நான்காம் நாள் அவன் மனைவி, மலையிலேயே இன்னொரு பகுதியான குண்டூர் நாட்டிலிருந்து, தன் அப்பாவோடு கடைக்கு வந்தாள். துப்பாக்கி பிடித்து நிற்கிற படம் ஒன்றை ஊர்ப் பெரியவர்கள் பேனருக்காக ஏற்கெனவே கொடுத்திருந்தார்கள். அவள் தன் போனை நீட்டினாள்.

"அது வேண்டாங்கண்ணா. இதைப் போடுங்க."

பனியனோடு ஒரு மரவள்ளிக்கிழங்குக் காட்டில் நின்று கண் இடுங்கச் சிரித்துக்கொண்டிருந்தான். இடது தோளில் யாருடைய கையோ இருந்தது. கறுத்து, நரம்போடிய கை. மணிக்கட்டில் நீலப் பாசிமணி. கைக்கு உரியவர் படத்துக்கு வெளியே நின்றுவிட்டார். படத்தோடு அவன் அனுப்பிய குரலையும் போட்டுக் காட்டினாள்.

"பாரு புள்ள, இங்கயும் நம்மூரு குச்சிக்கெழங்குதான். வேவிச்சுத் திங்கறாங்க. நம்ம காட்டுலயே நிக்கற மாதிரி இருக்குது."

போனை வாங்கிப் படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன்.

படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனேன். ஜன்னலுக்கு வெளியே எங்கள் மஞ்சு, திரையில் அந்த ஊர் வெயில். கொஞ்ச நேரம் இரண்டில் எதற்குள் உட்கார்ந்திருக்கிறேன் என்றே தெரியவில்லை. பேனரில் மற்றவர் கை கால் தெரிந்தால் அழித்துவிடுவது என் வழக்கம். மவுஸ் தானாக அந்தக் கைக்குப் போனது.

"அந்தக் கையை எடுத்துப்போடாதீங்கண்ணா."

"யாரு கை அம்மிணி அது?"

"தெரியலீங்கண்ணா. கேக்கோணும்னு இருந்தேன். அப்பறம் கேட்டுக்கலாம்னு உட்டுட்டேன்."

பெரியவர்களுக்குப் படம் பிடிக்கவில்லை. பட்டாளத்துக்காரனுக்குப் பனியன் படமா என்றார்கள். அவள் தணிந்த குரலில்தான் சொன்னாள்: "உடுப்போடத்தான் பொட்டியில வாராருங்க. படத்துலயாவது ஊட்டுல இருக்கற மாதிரி இருக்கட்டும்." அந்தப் படத்தையே அடித்தேன்.

அடிவாரத்து முள்ளுக்குறிச்சியிலிருந்து ராணுவ வண்டியின் பின்னால் நாங்கள் ஏறி வந்தோம். ஒவ்வொரு வளைவிலும் பூவோடு ஆட்கள் தெரிந்து, அடுத்த நொடி மஞ்சுக்குள் மறைந்தார்கள். கோஷம் எதுவும் இல்லை. தூக்கத்தில் நடக்கும் ஊர்வலம் போல இருந்தது. அவன் காட்டோரத்தில் குழி. வானத்தை நோக்கிச் சுட்டார்கள். கொடியை மடித்து அவள் கையில் கொடுத்தார்கள்.

உடலோடு வந்திருந்த தெற்கத்திச் சிப்பாய் ஒருவர் பேனர் முன்னால் நின்றுவிட்டார்.

"இது அந்தக் கிழங்கு விக்கிற அம்மா கைல்லா?"

அவன் மனைவி எழுந்து அவரிடம் போனாள். அவர் சொன்னார்: அந்த ஊர்ப் பெண்கள் சந்தைக்குப் போகும் காட்டுப்பாதையில் ஆபத்து அதிகம். சிப்பாய்கள் துணைக்குப் போவார்கள். அந்த அம்மா வாரம் தவறாமல் அவனுக்கு வேகவைத்த கிழங்கு கொடுப்பாள். அன்றைக்கு மரங்களுக்குள்ளிருந்து சுட்டார்கள். அவன் பெண்களை ஒவ்வொருவராகப் பள்ளத்தில் இறக்கிவிட்டான்.

"கடைசியா அந்த அம்மாவ இறக்கிட்டுத் திரும்புனான். அப்பத்தான் குண்டு பட்டுது."

"அந்தம்மா இருக்காங்களா?"

"இருக்காங்கம்மா. கேம்ப் வாசல்ல ரெண்டு நாளு உக்காந்திருந்தாங்க."

அவள் வெகுநேரம் அந்தக் கையையே பார்த்தாள். பிறகு, "சாப்புட்டுப் போங்க" என்றாள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு கல்யாணத்துக்குப் படம் எடுத்துவிட்டுப் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். வழியில் மிளகு மூட்டையோடு அவன் மனைவி ஏறினாள். முதலில் எழுந்தது யாரென்று தெரியாது. ஆனால் பஸ் முழுக்க எழுந்து நின்றது. கண்டக்டர் டிக்கெட் கொடுப்பதை நிறுத்தினார். யாரோ பெரிய மனிதர் ஏறுகிறார் என்று நினைத்து அவள் பின்னால் திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை.

"உக்காருங்க. எல்லாரும் உக்காருங்க சாமி. வளைவுல உளுந்துருவீங்க."

யாரும் உட்காரவில்லை. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு, குழியருகில்கூட அழாதவள், வாய்விட்டு அழுதாள். டிரைவர் வேகத்தைக் குறைத்தார். சோளக்காடு வரும் வரை அப்படியே நின்றுகொண்டு வந்தோம்.