அம்மா தெரிவு செய்த வள்ளம்

ஊர் மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி பிள்ளைகள் கேட்டபடியால் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். வசனங்கள் முன்னுக்குப் பின் வரும், வருடங்களும் மறந்துபோகும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த வள்ளம் மறக்கவில்லை.

அப்பா தெற்கே, ஆறு ஒன்று கடலில் விழுகிற பட்டினத்தில் கடை வைத்திருந்தவர். எண்பத்து மூன்றுக் கலவரத்தில் அந்தக் கடை எரிந்தது. உடுத்த உடுப்போடு சொந்த ஊரான வேலணைக்கு வந்து சேர்ந்தோம். தோட்டக் காணி இருந்தது, ஆனால் அப்பாவுக்குத் தோட்டம் கைவரவில்லை. அவர் நட்ட மிளகாய்க் கன்றுகளை ஆடுகள்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அவருக்குத் தெரிந்த இன்னொரு வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த ஆற்று வாயில் சிநேகிதரின் அலுமினிய வள்ளத்தில் போய் மீன் பிடிப்பது. அதையே இனிப் பிழைப்பாகச் செய்யப் போகிறேன் என்றார். சொந்தக்காரர் முதலில் முகம் சுளித்தார்கள். பிறகு கறிக்கு மீன் வரும் என்று யோசித்து முகத்தை நேராக்கிக்கொண்டார்கள்.

அம்மாவுக்குத்தான் விருப்பமில்லை. அந்த நாட்களில் நேவிக்காரர் சுடுவார்கள் என்று கடலில் விளக்குக் கொளுத்தப் பயம். பொழுதுபடப் போன சிலர் விடிய வரவில்லை. ஆனால் வீட்டில் நாங்கள் மூன்று பிள்ளைகள். அதனால் போக வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை.

மண்டைதீவில் ஒரு பெரியவர் இரண்டு வள்ளங்களை விற்க வைத்திருக்கிறார் என்று அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, அறிந்து வந்தார். ஒன்று மரம், மற்றது அலுமினியம். பார்க்கப் போகிற அன்று அம்மாவும் சேலை மாற்றிக்கொண்டு வந்து நின்றது எல்லோருக்கும் புதினம். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நானும் பஸ் ஏறினேன்.

வள்ளங்கள் பனை நிழலில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. பெரியவருக்கு வாய் நிறைய வெற்றிலை, அதனால் பேச்சுக் குறைவு. அப்பா அலுமினியத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். அடி தட்டை, பரவைக் கடலில் முழங்கால் தண்ணீரிலும் ஓடும் என்றார். தகடும் தகடும் சேருகிற இடத்து ஆணிகளை ஒவ்வொன்றாகப் பெருவிரலால் அழுத்தினார். உள்ளே வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிவிட்டு, வெளியே எங்காவது கசிகிறதா என்று மண்ணில் படுத்துப் பார்த்தார். கசியவில்லை.

"ரெண்டு பேர் தூக்கலாம். மரத்தை நாலு பேராலையும் ஏலாது," என்று சொல்லிக்கொண்டு எழும்பினார்.

தண்ணீரைச் சரித்து ஊற்றியபின் மாமா ஒரு கல்லை எடுத்து உள்ளே போட்டார். ணங் என்றது. தூரத்தில் நின்ற கொக்குகள் எழும்பிவிட்டன.

"அத்தான், இது வள்ளமில்லை, கோயில் மணி. நீங்கள் துடுப்பை வைக்கிற சத்தத்திலை மீனெல்லாம் மன்னாருக்குப் போய்ச் சேந்திடும்."

பெரியவரும் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "ஓம், மீனுக்கு மரம்தான்," என்றார். அப்பாவின் முகம் மரவள்ளத்தின் பக்கம் திரும்பிவிட்டது.

அதுவரை வாய் திறக்காத அம்மா, கால் கழுவிக்கொண்டு வருகிறேன் என்று வடலிப் பனைகளுக்கு அப்பால் இருந்த கிணற்றடிக்குப் போனார். அங்கேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"தம்பி, அந்தக் கல்லை இன்னொருக்காப் போடு."

மாமா போட்டார்.

"இனி மெதுவாப் போடு பாப்பம்."

மெதுவாகவும் போட்டார். அம்மா திரும்பி வந்தபோது காலில் மண் அப்படியே இருந்தது.

"இஞ்சாருங்கோ, இதையே எடுங்கோ."

"உமக்கென்னப்பா வள்ளத்தைப் பற்றித் தெரியும்? ஏன் இது?"

"தேங்காய்ப் பொச்சும் சாம்பலும் போட்டு மினுக்கினா வெள்ளையா இருக்கும்."

மாமா சிரித்துச் சிரித்து மண்ணிலே இருந்துவிட்டார். "அக்கா குசினிக்குச் சட்டி வாங்க வந்திருக்கிறா, அத்தான்." எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அப்பா அம்மாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அலுமினியத்தையே எடுத்தார்.

சத்தத்தை அடக்க அப்பா வள்ளத்தின் உள்ளே அடித்தகட்டில் சாக்கு விரித்தார். விடிய அவர் வந்ததும் அம்மா அதைக் கொண்டுபோய்த் தோய்த்துவிடுவார். பின்னேரம் அப்பா புறப்படும்போது ஒவ்வொரு நாளும் இதே பேச்சு.

"சாக்கு எங்கையப்பா?"

"காயேல்லை."

"இந்த வெயிலுக்கோ?"

"தடிச்ச சாக்கு. நாறுது, தோய்க்காமல் என்ன செய்யிறது."

நான் மணந்து பார்த்தேன். உப்புத் தண்ணீர் மணம்தான். அம்மாவுக்கு என்னைவிட மூக்குக் கூர்மை என்று நினைத்துக்கொண்டேன்.

சாக்கில்லாமல் போனால் மீன் குறைவுதான். ஆனால் இறாலும் நண்டும் சத்தத்தைப் பொருட்படுத்துவதில்லை போலும், கறிச்சட்டி வெறுமையாக இருந்ததில்லை. விடியப்புறம் அம்மா வேலியடியில் நிற்பார். அங்கிருந்து கடல் தெரியாது, வடலிகள் மறைக்கும். நின்றவர் திடீரென்று உள்ளே வந்து அடுப்பை மூட்டுவார். உலை கொதிக்கிற நேரம் அப்பா வேலிப் படலையைத் திறப்பார். சுடச்சுடச் சோறும் நண்டுக் குழம்பும். தெற்கிலே கடை இருந்த நாளில்கூட நாங்கள் அப்படிச் சாப்பிடவில்லை.

மாமா ஒருநாள் அம்மாவுக்குத் தெரியாமல் புதுச் சாக்கு இரண்டை அப்பாவின் கையில் கொடுத்துவிட்டார். அடுத்த நாள் விடிந்தது, அம்மா வேலியடியை விட்டு வரவில்லை. வெயில் ஏறியது, அடுப்பு மூட்டவில்லை. பசிக்குது என்று என் தம்பி அழுதும் திரும்பவில்லை. அப்பா படலையைத் திறந்துகொண்டு வந்து, நிறைந்த மீன்பறியை இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினார். அம்மா பறியைப் பார்க்கவில்லை.

"சோறு இல்லை," என்று சொல்லிவிட்டு வேலியைப் பிடித்தபடி நிலத்தில் குந்தியிருந்து அழுதார். அவ்வளவு மீன் வந்த நாளில் சோறு இல்லையென்று ஒருவர் அழுவதா என்று எனக்குப் புதினமாக இருந்தது.

அப்பா பறியை இறக்கி வைத்தார். அந்தச் சாக்குகளைக் கொண்டுபோய் ஆட்டுக்கொட்டிலில் விரித்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் சாக்குக் கேட்டதேயில்லை.

பின்னொரு நாள் என்னையும் வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு போனார். கரை கிட்டியதும், வலையைச் சுருட்டி வைத்துவிட்டு, துடுப்பால் வள்ளத்தின் பக்கத்தில் நாலைந்து தரம் தட்டினார்.

"ஏனப்பா தட்டுறியள்?"

"சோறு வேகட்டும் எண்டு."

வலையைப் போடாமலே மீனை விரட்டிவிட்டு, அதை மறைக்கப் பகிடி விடுகிறார் என்று நினைத்து நான் சிரித்தேன். அப்பாவும் சிரித்தார்.

இதில் பிழைகள் இருக்கும். வள்ளம் வாங்கியது எண்பத்து நாலோ ஐந்தோ என்று மாமாவிடம் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள், அவர் இப்போது கனடாவில். ஊரில் இருக்கிற பிள்ளைகள் யாராவது அந்தக் கரையிலிருந்து எங்கள் வீட்டு வளவு வரைக்கும் நடந்து பார்த்து, அவ்வளவு தூரம் ஒரு வள்ளத்தைத் தட்டும் சத்தம் கேட்குமா என்றும் சொல்லுங்கள். எனக்கு ஒருநாளும் கேட்டதாக ஞாபகமில்லை. அம்மாவுக்குக் கேட்டது.