காலாப்பட்டுக்கு இருந்த ஒரே வழி

முத்தியால்பேட்டையில் புருஷோத்தமனைத் தெரியாதவர்கள் இருக்கலாம். ஆனால் அவர் எழுதிய பட்டியலைப் பார்க்காத பந்தாட்டக்காரன் ஒருவன்கூட இருக்க முடியாது. இருபத்தைந்து வருடம், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தோறும், மைதானத்துக் கரும்பலகையில் உள்ளூர்க் கால்பந்து அணிகளின் புள்ளிகளை எழுதியவர் அவர்தான். சம்பளம் கிடையாது. ஒரு டீ கிடைக்கும், சில வாரம் அதுவும் கிடையாது. யாருக்கு எத்தனை ஆட்டம் மிச்சம், யார் இன்னும் மேலே வரலாம், யார் மூட்டையைக் கட்டலாம் என்று அவர் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. இரண்டு அணிகள் சமமாக நின்றால், போட்ட கோலில் இருந்து வாங்கிய கோலைக் கழிக்க வேண்டும். மிச்சம் அதிகம் உள்ளவனுக்கு மேல் இடம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இந்த விதியைச் சொல்வார். கடைசியில் அவரைக் கவிழ்த்ததும் இந்த விதிதான்.

அவருடைய பிழைப்பு வேறு. அமெரிக்கப் பாடப்புத்தகங்களுக்குப் பிழை திருத்தும் கம்பெனி ஒன்றில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தார். அவருக்கு ஐம்பத்தொரு வயது ஆனபோது அந்தக் கம்பெனியை மூடிவிட்டார்கள். ஆறு மாதம் வீட்டில் இருந்தார். கை சும்மா இருக்கவில்லை. வீட்டுக்கு வந்த கல்யாணப் பத்திரிகைகளை எல்லாம் சிவப்புப் பேனாவால் திருத்தி வைத்தார். "யாருனா கூப்பிட்டு இந்த மனுசனுக்கு ஒரு வேலை குடுத்தா கோயிலுக்கு விளக்கு போடுவேன்" என்றாள் அவர் மனைவி சுலோசனா. வேலை கிடைத்தது, அவளும் விளக்குப் போட்டாள்.

ஒரு பிளைவுட் கடைக்கு மேல் மாடியில் சிலம்பரசன் என்பவர் நடத்தும் சின்ன ஆபீஸ் அது. ஏழு பேர். அமெரிக்காவில் ஒரு விளையாட்டு இணையதளத்துக்கு இங்கிருந்து எழுதி அனுப்ப வேண்டும். ஆட்டம் அவர்கள் ஊர் ஃபுட்பால். பந்து மாங்கொட்டை வடிவில் இருக்கும். கையில் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். தலைக்கவசம் போட்டவன் தலைக்கவசம் போட்டவன்மேல் பாய்வான். "காலே படாத ஆட்டத்துக்கு கால்பந்துன்னு பேரு வெச்சிருக்கானுங்களே" என்று முதல் வாரம் முழுக்கப் பொருமினார் புருஷோத்தமன். அப்புறம் அந்தப் பட்டியலைப் பார்த்தார், சமாதானமாகிவிட்டார். முப்பத்திரண்டு அணிகள், இரண்டு பாதியாக. ஒவ்வொரு பாதியிலும் ஏழு அணிகள்தான் அடுத்த சுற்றுக்குப் போகும். டிசம்பர் வந்துவிட்டால் ஒவ்வொரு திங்கட்கிழமையும் யார் உள்ளே, யார் வெளியே, யாருக்கு இன்னும் வழி இருக்கிறது என்று எழுத வேண்டும். அந்த இணையதளத்தில் அதிகம் பேர் படிப்பது இதைத்தான்.

அதை எழுதியவள் நிர்மலாதேவி. முப்பத்தி நாலு வயது. மூன்று வருடமாக அந்த ஆபீஸில் இருந்தாள். வயதில் இளையவள், அந்த வேலையில் அவருக்கு மூத்தவள். மைதானத்தில் ஒரு நாளும் கால் வைத்ததில்லை. ஆனால் அந்த ஆட்டத்தின் விதிப்புத்தகத்தை வரி வரியாகப் படித்திருந்தாள். அமெரிக்க ஊர்ப் பெயர்கள் ஒன்றோடொன்று குழம்புகின்றன என்று எல்லா அணிக்கும் நம்ம பக்கத்துப் பெயர் வைத்ததும் அவள்தான். அவர்கள் வரைபடத்தில் வடக்கே பனியில் கிடக்கும் அணி காலாப்பட்டு, தெற்கே இருப்பது நோணாங்குப்பம். சுவரில் ஒட்டியிருந்த தாளில் அப்படித்தான் எழுதியிருக்கும். அமெரிக்காவுக்கு அனுப்பும்போது மட்டும் சொந்தப் பெயரைப் போடுவார்கள். இந்தக் கதைக்குச் சொந்தப் பெயர் தேவையில்லை, காலாப்பட்டே போதும்.

அவள் எழுதுவாள், புருஷோத்தமன் சரிபார்ப்பார். இணையதளத்தில் யார் ஏற்றினாலும் அவள் பெயரில்தான் போகும், ஏனென்றால் ஆபீஸுக்கு ஒரே ஒரு லாகின்தான் கொடுத்திருந்தார்கள்.

டிசம்பர் பதினைந்தாம் தேதி, திங்கட்கிழமை. மூன்று வார ஆட்டம் மிச்சம் இருந்தது. ஏழாவது இடத்தில் நோணாங்குப்பம். அதற்கு அடுத்து, மூன்று வெற்றி பின்தங்கிக் காலாப்பட்டு. காலையில் நிர்மலாவின் மகளுக்குக் காய்ச்சல் என்று பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. எழுதியதைப் புருஷோத்தமனுக்கு மெயிலில் அனுப்பிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

அவர் படித்தார். காலாப்பட்டுக்கு இன்னும் ஒரு வழி இருக்கிறது என்று எழுதியிருந்தாள். அவருக்குச் சிரிப்பு வந்தது. மிச்ச மூன்றிலும் காலாப்பட்டு ஜெயித்து, மூன்றிலும் நோணாங்குப்பம் தோற்றாலும் இரண்டும் சமமாகத்தான் நிற்கும். சமமாக நின்றால் போட்டதில் வாங்கியதைக் கழி. நோணாங்குப்பம் நூறு புள்ளிக்கு மேல் முன்னால் இருக்கிறது. அப்புறம் ஏது வழி? அவளுக்கு ஒரு தடவை போன் அடித்தார். அவள் எடுக்கவில்லை. இரண்டாவது தடவை அடிக்கவில்லை. சந்தேகம் இருந்தால்தானே அடிப்பார்! அந்தப் பத்தியை அழித்தார்; காலாப்பட்டை 'வெளியே' என்ற வரிசைக்குத் தள்ளினார்; ஏற்றினார்; டீ குடிக்கப் போனார்.

அந்த ஆட்டத்தில் கணக்கு அப்படி இல்லை. இரண்டு அணிகள் சமமாக நின்றால், அவை இரண்டும் நேருக்கு நேர் மோதியதில் யார் ஜெயித்தது என்பதைத்தான் முதலில் பார்ப்பார்கள். கழித்தல் கணக்கெல்லாம் வெகு பின்னால். அக்டோபரில் காலாப்பட்டு நோணாங்குப்பத்தை ஜெயித்திருந்தது. நிர்மலா எழுதியது சரி.

மறுநாள் காலைக்குள் அந்தப் பனி ஊர்க்காரர்கள் நூற்றுக்கணக்கில் திட்டி எழுதியிருந்தார்கள். உயிரோடு இருப்பவனுக்குச் சாவுச் சீட்டு எழுதினால் சும்மா விடுவார்களா? விதியே தெரியாத ஆளை வைத்து எழுதினால் ஒப்பந்தத்தை நிறுத்திவிடுவோம் என்று அங்கிருந்த ஆசிரியரிடமிருந்து மெயில் வந்தது. சிலம்பரசன் எல்லார் முன்னாலும் நிர்மலாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"நான் அப்படி எழுதல சார். காலாப்பட்டுக்கு வழி இருக்குதுன்னுதான் எழுதினேன். புருஷோத்தமன் சாரைக் கேளுங்க, அவருக்குத்தான் அனுப்பினேன்."

சிலம்பரசன் திரும்பினார். "நீங்க பார்த்தப்ப இன்னா சார் இருந்துச்சு?"

அந்த நொடியில் புருஷோத்தமன் நினைத்தது விதியைப் பற்றி அல்ல. ஐம்பத்திரண்டு வயதில் இன்னொரு ஆபீஸ் படி ஏறி, முப்பது வயதுக்காரன் எதிரில் உட்கார்ந்து, கம்ப்யூட்டர் தெரியுமா என்ற கேள்விக்குப் பதில் சொல்வதை நினைத்தார்.

"எனக்கு சரியா ஞாபகம் இல்லீங்க" என்றார்.

"சரி சார்" என்றாள் நிர்மலா. அவ்வளவுதான் சொன்னாள், அனுப்பிய மெயிலைக் காட்டி வாதாடவில்லை. ஏற்றியது அவள் பெயரில் இருந்ததால் சிலம்பரசன் அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். மறுநாள் வந்து தன் டிபன் டப்பாவையும் தண்ணீர்ப் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு போனாள். அவர் அப்போது கழிவறையில் இருந்தார். அவசரம் ஒன்றும் இல்லை. அவள் படி இறங்கும் சத்தம் கேட்கும்வரை உள்ளேயே நின்றிருந்தார்.

அவள் அனுப்பிய மெயில் அவரிடம்தான் இருந்தது. யாரிடமும் காட்டவும் இல்லை, அழிக்கவும் இல்லை. நெஞ்சில் முள் இருக்கிற ஆள் அப்படித்தான் செய்வார்.

அதற்கப்புறம் அவர் செய்த காரியம் இன்னும் கேவலம். காலாப்பட்டு தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டார். ஒரே ஒரு ஆட்டம் தோற்றால் போதும். 'வெளியே' என்று தான் எழுதியது எப்படியோ உண்மையாகிவிடும், பேச்சு அடங்கிவிடும். பார்த்தறியாத ஊர், பார்த்தறியாத ஆட்கள், அவர்கள் தோற்க வேண்டும் என்று மணக்குள விநாயகருக்குத் தேங்காய் உடைத்த ஒரே மனிதர் இந்த ஊரில் இவராகத்தான் இருக்கும்.

பிள்ளையார் கேட்கவில்லை. முதல் வாரம் காலாப்பட்டு ஜெயித்தது, நோணாங்குப்பம் தோற்றது. புது வருடத்துக்கு முந்தைய வாரமும் அப்படியே. நிர்மலாவின் வேலையும் இப்போது அவர் தலையில். விதிப்புத்தகத்தை முதல்முறையாக ஒழுங்காகப் படித்தார். ஒவ்வொரு திங்கட்கிழமையும், காலி நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, 'காலாப்பட்டுக்கு இன்னும் வழி இருக்கிறது' என்று தன் கையாலேயே அடித்தார்.

"இன்னாங்க, சோறு இறங்கலியா? உடம்புக்கு இன்னா?" என்று சுலோசனா கேட்டாள்.

"ஒரு ஆட்டம்" என்றார்.

"ஆட்டத்துக்கா இந்த மனுசன் இப்படி மெலியறாரு!" என்று அவள் சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

ஜனவரி ஐந்தாம் தேதி, விடிந்து கொஞ்ச நேரம். கடைசி ஆட்டம். நோணாங்குப்பம் ஏற்கெனவே தோற்றிருந்தது. காலாப்பட்டு ஒரு புள்ளி பின்னால், இன்னும் சில நொடிகள். புருஷோத்தமன் அடுப்படிப் பலகையில் போனை நிறுத்தி வைத்துக் கண்ணை எடுக்காமல் பார்த்தார். அந்த ஆட்டத்திலும் காலுக்கு ஒரு வேலை உண்டு: இரண்டு கம்பத்துக்கு நடுவில் பந்தை உதைத்து அனுப்பினால் மூன்று புள்ளி. பனி கொட்டுகிற மைதானத்தில் ஒருவன் ஓடி வந்து உதைத்தான். பந்து போன போக்கைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. இருபத்தைந்து வருடம் மைதானத்தில் நின்ற கண். காலாப்பட்டு உள்ளே வந்துவிட்டது. அவருக்கு அழுகை வந்தது. சந்தோஷமா, பயமா என்று கேட்டால் அவரால் சொல்லியிருக்க முடியாது.

அது எப்படி உள்ளே வந்தது என்று தனியாக ஒரு கட்டுரை அன்றைக்கே வேண்டும் என்றார் சிலம்பரசன். புருஷோத்தமன் எழுத உட்கார்ந்தார். ஓடவில்லை. கடைசியில் அந்தப் பழைய மெயிலைத் திறந்தார். நிர்மலா எழுதிய பத்தி அப்படியே இருந்தது: 'வழி குறுகல்தான். மூன்று வாரம் எல்லாமே இவர்கள் பக்கம் நடக்க வேண்டும். ஆனால் அக்டோபரில் இவர்கள் ஜெயித்த அந்த ஓர் ஆட்டத்தை இனி யாராலும் இவர்களிடமிருந்து பிடுங்க முடியாது.' அதை எடுத்து, டிசம்பரிலேயே சொல்லப்பட்டது என்று குறிப்பிட்டு, கட்டுரையின் தலையில் வைத்தார். யார் சொன்னது என்று எழுதக் கை வரவில்லை.

மறுநாள் காலை சிலம்பரசன் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். "சார், அந்த முதல் பாரா பிரமாதம்னு அங்கேருந்து எழுதியிருக்காங்க. டிசம்பர்லயே சொன்னது யாரு, எழுதின ஆளு பேரு வேணுமாம்."

மூன்று வாரத்துக்கு முன் கேட்ட அதே ஆள், அதே இடம். இந்தத் தடவை ஞாபகம் இல்லை என்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை.

"நிர்மலாதேவிங்க" என்றார். "பதினஞ்சாம் தேதி எழுதி அனுப்பினது. நாந்தான் அழிச்சேன். எல்லாம் ஞாபகம் இருந்துச்சு, அன்னிக்கு பொய் சொல்ட்டேன்." மெயிலைத் திறந்து காட்டினார்.

சிலம்பரசன் படித்தார். சிரிப்பு போய்விட்டது. "அவங்கள நீங்களே போய் கூப்பிடுங்க" என்றார் கடைசியில். "வர்றாங்களான்னு பாப்போம். உங்க விஷயத்த அப்புறம் பேசிக்கலாம்."

நிர்மலா இரண்டு தெரு தள்ளி, ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். யாருடைய ஆதார் அட்டைக்கோ நகல் எடுத்துக்கொண்டிருந்தாள். மேஜையில், வீணாய்ப்போன தாளின் பின்பக்கத்தில், பேனாவால் போட்ட கட்டங்கள். காலாப்பட்டுக்கு நேரே மூன்று டிக்.

ஆதார் அட்டைக்காரர் போகும்வரை ஓரமாக நின்றார். பிறகு, "சிலம்பரசன்கிட்ட சொல்ட்டேன்மா. நாந்தான் மாத்தினேன்னு. உன்னை திரும்ப வரச் சொல்றாரு" என்றார்.

"எப்ப சொன்னீங்க?"

"இப்பதான். காலையில."

அவள் ஜெராக்ஸ் மூடியை இறக்கினாள். "அதாவது, காலாப்பட்டு உள்ள வந்ததுக்கு அப்புறம்."

"ஆமாம்மா."

"தோத்திருந்தா சொல்லியிருப்பீங்களா சார்?"

வாழ்நாள் முழுக்க யாருக்கு வாய்ப்பு உண்டு, யாருக்கு இல்லை என்று பலகையில் எழுதியவர் அவர். இந்தக் கேள்விக்கும் விடை தெரியும். பொய் சொல்லலாம், அவள் நம்பினாலும் நம்பலாம்.

"சொல்லியிருக்க மாட்டேன்மா" என்றார்.

அவள் முகம் இளகவில்லை. மேஜையில் இருந்த தாளை எடுத்தாள், நாலாக மடித்து அவர் கையில் கொடுத்தாள்.

"திங்கக்கிழமை வர்றேன்னு சொல்லுங்க. ஆனா நான் எழுதறத இனிமே நீங்க பாக்க வேணாம். நீங்க எழுதுங்க. நான் பாக்கறேன்."

அடுத்த ஆள் ரேஷன் கார்டை நீட்டினார். நிர்மலா அதை வாங்கிக்கொண்டு மூடியைத் தூக்கினாள். புருஷோத்தமன் தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அடுத்தவருக்கு வழிவிட்டு நகர்ந்தார்.