அறுக்காத நிலைப்படி

"ரம்பத்த எடுத்துக்கிட்டு ஒடனே வாங்க மேஸ்திரி" என்று சவரிமுத்து சார் ஆள் அனுப்பினார். எண்பதுகளில் ஒரு மழைக்காலம். பாப்பாரப்பட்டியில் அவருடைய பூர்வீக வீட்டைப் புதுப்பித்த தச்சன் நான். செல்லரித்த கூரை ரீப்பர், கதவு, ஜன்னல் எல்லாம் மாற்றினேன். வாசல் நிலைகளை மட்டும் தொடவில்லை. அத்தனையும் வைரம் பாய்ந்த வேங்கை. தபாலாபீஸிலிருந்து ரிட்டயரான சார், யார் வந்தாலும் அந்த நிலைகளைத் தட்டிக் காட்டாமல் விடமாட்டார். எனக்கும் அதில் பெருமைதான்.

போய்ப் பார்த்தால் அவர் மனைவி ரோசம்மா அக்கா நெற்றியில் கட்டோடு உட்கார்ந்திருந்தார். அந்த வீட்டில் எந்த அறைக்குப் போனாலும் நிலையின் கீழ்க்கட்டையான ஒரு சாண் உயரப் படியைத் தாண்ட வேண்டும். தலையையும் குனிய வேண்டும். முட்டிவலிக்காரருக்கு அது ஆகுமா? முன்பே சாய்வுப் பலகை போட்டுக் கொடுத்தேன், அதில் வழுக்கினார். இப்போது அடுப்படி வாசலில் தடுக்கி விழுந்திருக்கிறார்.

"எல்லா நிலையிலயும் கீழ்க்கட்டைய அறுத்துடுங்க" என்றார் சார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "உங்க சர்ச்சு சாமியார் மந்திரிச்சி நிறுத்துன நிலைங்க சார். கீழ்க்கட்டைய எடுத்தா நிலைக்காலு ரெண்டும் வெலகும், மண்செவுரு எறங்கும். வேற ஆளப் பாருங்க."

"அப்ப இவ தெனமும் உழுந்துக்கிட்டே இருக்கணுமா?"

அக்காதான் முடித்து வைத்தார். "ஏங்க, நிலை நல்லாத்தான் இருக்குது. நிலைகொள்ளாம இருக்கறது எங்காலுதான். வூட்ட அறுக்க வேணாம், நாம போயிரலாம். தாண்டற வயசுல யாருனா வந்து இருக்கட்டும்."

சார் நிலையைத் தடவியபடியே நின்றார். கண் கலங்கியிருந்தது. பிறகு, "செரி மேஸ்திரி, ரம்பத்தப் பைக்குள்ள வைங்க" என்றார். அப்பாடா என்று இருந்தது எனக்கு.

வீட்டைப் பாலக்கோட்டுத் தக்காளி வியாபாரி ஒருவர் வாங்கிக்கொண்டார். அவர் பிள்ளைகள் படிகளைத் தாண்டிக் குதித்து விளையாடின. சார் சர்ச்சுக்குப் பக்கத்தில் காங்கிரீட் கூரை போட்ட ஒரு தார்சு வீட்டுக்குக் குடிபோனார்.

பால் காய்ச்சிய அன்று நானும் போயிருந்தேன். வாசல் தரையோடு தரை. அக்கா நேராக உள்ளே போய்விட்டார். பின்னால் வந்த சார் காலை உயரத் தூக்கி, தலையைக் குனிந்து, இல்லாத நிலைப்படியைத் தாண்டினார். அக்கா வயிறு குலுங்கச் சிரித்தார்.

"நிமுந்தே வாங்க, இங்க இடிக்காது!"

சாரும் சிரித்துவிட்டார். வெளியே போய், நிமிர்ந்தபடி மறுபடியும் உள்ளே வந்தார்.

தச்சு வேலைக்கு வரும் தம்பிகளே, மூலைமட்டத்தை அப்புறம் எடுங்கள். அதன்பிறகு எந்த வீட்டுக்கு நிலை வைக்கப் போனாலும் நான் முதலில் கேட்டது இதுதான்: "வூட்ல யாருக்குங்க முட்டிவலி?"