ஒன்பது நாள் தொங்கிய அறிவிப்பு

நான் பொய் சொன்னேன். ஒருமுறையல்ல, ஒன்பது நாள், தினமும்.

கணக்கு வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் இணையத்தில் ஆடுபுலி ஆட்டம் ஒன்றை நடத்தினேன். திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், கீழே பிரவுசிங் சென்டர், மாடியில் என் சர்வர். ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு நகர்வு. மதிய வெயிலில் கண் செருகும்போது, ஆட்டக் கட்டத்தின் கோடுகள் ஊருக்கு மேலே வானத்தில் நீண்டு கிடப்பதுபோலத் தோன்றும்.

ஒரு நாள் ஹார்ட் டிஸ்க் பழுதானது. நகல் எடுத்து வைக்கவில்லை. எல்லா ஆட்டங்களும் போய்விட்டன. அன்றே எனக்கு அது தெரியும். வெட்கத்தில், வேறொரு கணினியிலிருந்து, 'மின்வெட்டு. செத்த நேரத்தில் சரியாகிவிடும்' என்று தளத்தில் அறிவிப்புப் போட்டேன். எங்கள் ஊரில் யாரும் சந்தேகப்படாத காரணம் அது.

சாணார்பட்டிப் பக்கத்து மல்லிகை விவசாயி ஒருவர், சந்தையில் பூவைப் போட்டுவிட்டு ஆட வருவார். அவருக்கு ஆடுகள். வெளிநாட்டில் நர்ஸாக இருந்த மகளுக்குப் புலிகள். கல்யாணப் பேச்சில் மூண்ட சண்டைக்குப் பின் மகள் அவர் போனை எடுப்பதில்லை. ஆட்டத்தை மட்டும் நிறுத்தவில்லை.

அந்த ஒன்பது நாளும் பூவாசம் முதலில் படியேறி வரும், பின்னால் அவர்.

"சார், கீழ ஃபேன் ஓடுது. ஒங்களுக்கு மட்டும் கரண்டு இல்லையாக்கும்?"

"அது வேற லைனு. செத்த நேரத்துல வந்துரும்."

"அப்ப இருந்து பாத்துட்டே போறேன். எம் மக புலிய நகத்தியிருப்பா."

பொழுது சாயும்வரை உட்கார்ந்திருப்பார். ஒன்பதாம் நாள் கேட்டார்: "ஆட்டமும் வேணாம்னுட்டாளோ சார்?"

அதற்குமேல் தாங்கவில்லை. உண்மையைச் சொன்னேன். அவர் ஏசவில்லை.

"மொத நாளே சொல்லியிருந்தா வேற வழி பாத்திருப்பேன்ல?"

அன்றே அறிவிப்பை மாற்றினேன். தவறு என்னுடையது, ஆட்டங்கள் திரும்பி வராது என்று எழுதினேன். அதன்பின் தினமும் மாலை ஆறு மணிக்கு, செய்த வேலையை எழுதினேன். ஒன்றும் நடக்காத நாளில் அதையும் எழுதினேன். பதில் எழுத இடம் விட்டேன். பலர் திட்டினார்கள். பெரும்பாலோர் திரும்பவில்லை.

பூ விவசாயி நினைவிலிருந்து சொல்லச் சொல்ல, அவரும் மகளும் ஆடிய ஆட்டத்தை மறுபடி அடுக்கி வெளியிட்டேன். மறுநாள் மகளின் பதில் வந்திருந்தது: 'அப்பா, அந்த மூலை ஆட்டை நான் முந்தியே வெட்டிட்டேன். அழுகுணி ஆட்டம் ஆடாதீங்க.'

மூன்றுமுறை வாசிக்கச் சொன்னார். "அவ வெட்டுனது நெசந்தான் சார். தெரிஞ்சுதான் வைக்கச் சொன்னேன். இல்லேன்னா பதில் போடுவாளா?"

பொய் சொல்வதில்லை என்றிருந்த பக்கத்தில் மறுபடி ஒரு பொய். அந்த ஆட்டை எடுத்துவிட்டு, ஆறு மணி அறிவிப்பில் திருத்தம் எழுதினேன். அதற்குள் அவர் எதிரே இருந்த போன் பூத்துக்குப் போய்விட்டார். மகள் எடுத்தாளாம். அரைமணி நேரம் அந்த ஒரு ஆட்டைப் பற்றியே சண்டை.